ஷைனி கையைத் தூக்கிய எட்டு விநாடி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் எனக்கு நிஜமாகத் தெரிந்தது எட்டு விநாடி மட்டும்தான். மீதியை நான் உட்கார்ந்து செய்தேன்.

போன வருடம் ஆவணி மாதம். சென்னையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வந்த பேருந்து, உளுந்தூர்பேட்டையில் நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றில் பத்து நிமிடம் நின்றது. மாலை நாலரை மணி. சுவரில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் சத்தம் இல்லை. ஏன் என்று கேட்டேன். சத்தம் வைத்தால் பரோட்டா மாஸ்டர் கல்லை விட்டுவிட்டு ஆட்டம் பார்க்க வந்துவிடுகிறார், சத்தம் இல்லாவிட்டால் பாதி பரோட்டாவாவது வேகிறது என்றார் கல்லாவில் இருந்தவர்.

பெண்கள் கபடி. திரையின் மூலையில் 'நேரலை, கள்ளக்குறிச்சி' என்று இருந்தது. ஆட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்த படம் திடீரென்று வர்ணனையாளர்கள் மேஜைக்கு மாறியது. கோட்டுப் போட்ட ஆள் ஒருவர். பக்கத்தில் நீலக் கோட்டில் ஒரு பெண், முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். கீழே பெயர்: ஷைனி, முன்னாள் வீராங்கனை. பேசிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். பக்கவாட்டில் எதையோ பார்த்தாள். வலது கையை நேராக மேலே தூக்கினாள். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேஜையில் வைத்தாள். எழுந்து படத்தை விட்டு வெளியே போய்விட்டாள். கோட்டுப் போட்டவர் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டு விநாடி. நடத்துநர் விசில் அடித்துவிட்டார்.

"பாத்ரூம் போவுது போல," என்றார் கல்லாக்காரர்.

"அதுக்கு யாருனா ஸ்கூல் புள்ள மாதிரி கையத் தூக்குவாங்களா? மைக்குல கரன்ட் அடிச்சிருக்கும்," என்றார் எங்கள் ஓட்டுநர்.

பரோட்டா மாஸ்டர் கையில் மாவோடு ஓடி வந்தார். "இன்னா ஆச்சி? இன்னா ஆச்சி?"

மூவருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது. அவள் அவுட் ஆகியிருந்தாள். அதைச் சொல்வதற்குள் பேருந்து கிளம்பிவிட்டது. சொல்லாமல் விட்டது ஒரு வருடமாக வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே இந்தக் கதை.

(கைப்பேசியில் தேடினால் அவள் யார், பிறகு என்ன ஆனாள் எல்லாம் வந்துவிடும் என்று சொல்லாதவர்கள் இல்லை. நான் தேடவில்லை. இந்த ஒரு வருடமாக எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. தெரிந்துகொள்ளும் ஆவல் அடங்காமல் இருப்பதுதான் காரணம் என்பது என் கணிப்பு. மருத்துவர் மாத்திரைதான் காரணம் என்கிறார். அவருக்குத் தொழில்.)

2

எப்படித் தொடங்குவது என்பதில் இரண்டு மாதம் போயிற்று. எழுதிப் பார்த்தவற்றில் மூன்று:

*கல்வராயன் மலையின் மேல் மேகங்கள் தவழ்ந்த அந்த அதிகாலைப் பொழுதில் ஷைனி* — இல்லை. ஆட்டம் நடந்தது சாயங்காலம், கள்ளக்குறிச்சி மைதானத்தில். மேகம் எதற்கு?

*பதினொரு வயதில் ஷைனி ஒரு முரட்டுக் காளையின் பின்னங்காலைப் பிடித்து நிறுத்தியதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் முப்பத்தோரு வருடம் கால்நடைத் துறையில் ஆய்வாளனாக இருந்தவன். நைனார்பாளையம் பக்கம் ஊசி போடப் போனபோது* — இது நன்றாக வந்துகொண்டிருந்தது. ஆனால் அவளை நான் பார்த்தது எட்டு விநாடி என்று மேலே எழுதிவிட்டேன். காளையை அவிழ்த்து அனுப்பிவிட்டேன்.

*ஷைனி கடைசியாக ஒருத்தியின் கணுக்காலைப் பிடித்தபோது பிடி நின்றது, முட்டி போய்விட்டது.*

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

3

ஷைனி கடைசியாக ஒருத்தியின் கணுக்காலைப் பிடித்தபோது பிடி நின்றது, முட்டி போய்விட்டது.

அவள் இடது கார்னர். 'கபடி, கபடி' என்று மூச்சுப் பிடித்துப் பாடி வருகிற எதிரணிக்காரி ஒரு கணம் அசந்தால், குனிந்து கணுக்காலைப் பிடித்துக் கீழே சாய்ப்பது அவள் வேலை. பன்னிரண்டு வருடம் அந்த ஒரு மூலையில் நின்றாள். முதலில் தியாகதுருகம் அணிக்கு. பிறகு ஒரு தொழிற்சாலையின் அணியில், மாதச் சம்பளத்துக்கு. சீசனுக்குச் சீசன் தியாகதுருகத்துக்கு வந்து ஆடிக்கொடுத்துவிட்டும் போவாள். முட்டியில் இரண்டு முறை கத்தி வைத்த பிறகு, தொழிற்சாலை அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை, நல்லவர்கள். வாசல் பக்கம் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். வருகிறவர்கள் பெயரை எழுதிக்கொள்ள வேண்டும். நிழல், மின்விசிறி, எல்லாம் உண்டு. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் மைதானம் தெரியாது. சுவர் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கத்தில் காலை ஆறு மணிக்குப் பாடுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

நாலு மாதம் சுவரைப் பார்த்தாள். அப்போதுதான் தேவிப்ரியாவிடமிருந்து அழைப்பு வந்தது.

தேவிப்ரியா ஒரு விளையாட்டுச் சேனலின் தயாரிப்பாளர். ஆடிய பெண் ஒருத்தியே ஆட்டத்தைப் பேச வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தவர். நிபந்தனை எளிது. கள்ளக்குறிச்சிப் போட்டியில் மூன்று ஆட்டம் பேசிப் பார்க்க வேண்டும். சரியாக வந்தால் இரண்டு வருட ஒப்பந்தம், மாநிலம் முழுக்க எங்கே கபடி நடந்தாலும் மைதானத்தின் ஓரத்தில் ஒரு நாற்காலி. சரியாக வராவிட்டால் திரும்பவும் சுவர்.

ஷைனியின் அம்மா தெரசா, கரும்பு வெட்டுக்குப் போய் மகளை ஆட வைத்தவர், சேனல் கொடுத்த நீலக் கோட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"கபடி ஆடச்சொல்ல கால்சட்ட போதும்னாங்க. வாயால பேசறதுக்கு இம்மாம் பெரிய சட்டையா?"

"டிவிம்மா."

"டிவியில குளுருமா?"

"குளுராதும்மா. அழகுக்கு."

"அழகுக்குன்னா எதுக்குடி முட்டி வரைக்கும்? கட்டு தெரியக்கூடாதுன்னு குடுத்திருப்பாங்க. நெனச்சிப் பேசு. வேற எங்கியும் எடம் இல்ல உனக்கு."

4

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நீங்களும் மைக்கில் கரன்ட் அடித்தது என்றே நினைப்பீர்கள்.

நைனார்பாளையம் சுற்றுவட்டாரத்தில், ஷைனி ஆடக் கற்ற சோளக்காட்டில், கபடிக்கு நடுவர் கிடையாது. யார் மேல் கை பட்டதோ அவரே கையைத் தூக்கிக்கொண்டு வெளியே போக வேண்டும். யாரும் பார்க்காவிட்டாலும். எதிராளிக்கே தெரியாவிட்டாலும். தொடப்பட்டது தொடப்பட்டவருக்குத் தெரியும், அது போதும்.

நடுவர் ஏன் இல்லை என்றால், ஒருகாலத்தில் இருந்தார். பெயர் அய்யனார். மனைவியின் ஊருக்கு எதிராக ஒரு அவுட் கொடுத்தார். அன்றிலிருந்து வீட்டில் அவருக்கு உப்புப் போடுவது நின்றது. ஏழு வருடம் உப்பில்லாமல் சாப்பிட்டார். எட்டாவது வருடம் அதே ஊருக்குச் சாதகமாக ஒரு அவுட் கொடுத்தார், சொந்த ஊர்க்காரர்கள் அவர் வயலுக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்தினார்கள். மனிதர் தொழிலையே விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் விசில் ஊத ஒருவரும் முன்வரவில்லை.*

\* உப்பு ஏழு வருடம் இல்லை, ஏழு மாதம் என்று என் மனைவி அமிர்தம் திருத்துகிறாள். அய்யனார் அவளுக்குச் சித்தப்பா முறை. அவளுக்குத் தெரிந்திருக்கலாம். ஆனால் ஏழு மாதம் உப்பில்லாமல் சாப்பிட்டதற்காக ஒரு பழக்கம் உண்டாகாது, ஆகவே வருடமே இருக்கட்டும்.

ஷைனி பெரிய அணிகளுக்குப் போனபோது அங்கே நடுவர், எல்லைக்கோட்டு நடுவர், கேமரா எல்லாம் இருந்தன. அப்போதும் அவள் கை முந்திக்கொள்ளும். பயிற்சியாளர்கள் திட்டியிருக்கிறார்கள். நடுவர் கொடுக்காததை நீ ஏன் கொடுக்கிறாய் என்று. அவளால் முடியவில்லை. மூளை யோசிப்பதற்குள் தோள் மேலே போய்விடும்.

5

வர்ணனை மேடையை இரும்புக் குழாய் கட்டி ஆள் உயரத்துக்கு மேல் போட்டிருந்தார்கள். ஏற ஒன்பது படி ஏணி. ஒவ்வொரு படியிலும் ஷைனி இடது காலை முதலில் வைத்து, வலது காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தாள்.

முதல் நாள் நடந்தது ஒன்று. ஒலிப்பதிவாளர் சாம் — நாற்பது வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், யாருக்கும் தீங்கு நினைக்காதவர் — மேஜைக்கடியில் ஒயரைச் செருகிவிட்டு எழுந்து அவள் நாற்காலியின் இடப்பக்கமாகக் காலை எடுத்து வைத்தார். அடுத்த கணம் சாம் தரையில் கிடந்தார். அவருடைய கணுக்கால் ஷைனியின் கையில் இருந்தது.

"ஐயோ, அண்ணா. தெரியாம பண்ணிட்டேண்ணா."

"பரவால்லமா," என்றார் சாம், கிடந்தபடியே. "உன் கை எதுலமா செஞ்சது? விடு மொதல்ல."

பக்கத்து நாற்காலியில் இருந்த கலையரசன் இருபது வருடமாக வர்ணனை செய்பவர். சடுகுடு, மாட்டு வண்டிப் பந்தயம், கேரம், எதுவானாலும் பேசுவார். சத்தமில்லாமல் சிரித்துவிட்டு, தொண்டைக்கு வைத்திருந்த இஞ்சி மிட்டாயில் ஒன்றை எடுத்து ஷைனியிடம் நீட்டினார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோம்மா. நாம பேசறதுல பத்துக்கு ரெண்டு தப்பாத்தான் வரும். வந்துட்டா நிக்கக்கூடாது. அடுத்த ரெய்டுக்குப் போயிடணும். பாக்கறவன் மறந்துடுவான்."

"நமக்கு மறக்குமா சார்?"

"எனக்கு மறந்துடும். இருவது வருசமா நான் ஒரு தப்பும் பண்ணதா ஞாபகமே இல்ல பாரு."

முதல் ஆட்டத்தில் ஷைனி மூச்சு விடாமல் பேசினாள், பாடுகிறவர்கள் மாதிரி, மூச்சு முடிந்ததும் சட்டென்று நின்றாள். இரண்டாவது ஆட்டத்தில் நடுவில் மூச்சு விடலாம் என்று கண்டுகொண்டாள். அதற்குப் பிறகு நன்றாக வந்தது. ஒருத்தி எந்தப் பக்கம் பாயப்போகிறாள் என்பதை அவள் இடுப்பைப் பார்த்துச் சொன்னாள். தேவிப்ரியா காதுக்கருவியில் "சூப்பர், ஷைனி" என்றார். இன்னும் ஒரு ஆட்டம்.

6

[இந்த இடத்தில் கலையரசனைப் பற்றி ஒரு சந்தேகம். அவரை வில்லனாகத்தான் எழுத ஆரம்பித்தேன். தன் இடத்துக்கு வந்துவிடுவாளோ என்று பயந்து, அவள் மைக்கை ரகசியமாக அணைக்கிற மாதிரி ஒரு காட்சி. மூன்று பக்கம் எழுதினேன். ஆனால் அந்த எட்டு விநாடியில் நான் பார்த்த முகம் குறுக்கே நின்றது. காலி நாற்காலியைப் பார்த்த முகம். வில்லன் என்றால் அங்கே ஒரு சந்தோஷம் தெரிந்திருக்கும். அந்த முகத்தில் இருந்தது வேறு: பந்தியில் பக்கத்து இலைக்காரர் பாதியில் எழுந்து போனால் நமக்கு வருமே, நாம் தொடர்ந்து சாப்பிடலாமா என்று, அது. ஆகவே இஞ்சி மிட்டாயைக் கொடுத்து நல்லவராக்கினேன். நல்லவராக்கியதும் அவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் இன்னொரு மாதம் போயிற்று.]

7

மூன்றாவது ஆட்டம், தியாகதுருகத்துக்கும் வெள்ளிமலைக்கும்.

வெள்ளிமலை அணி கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்த அணி. அவர்களுக்காகப் பாடிப் போகும் ரெய்டர் பெரியம்மாள், பெயர்தான் அப்படி, வயது இருபத்திரண்டு. பெரியம்மாள் பாட ஆரம்பித்தால் வெள்ளிமலையிலிருந்து கரியாலூர் வரை ஒரே மூச்சில் போவாள் என்பார்கள். ஒரு ரெய்டு முப்பது விநாடிதான் என்ற விதியே அவளுக்காகக் கொண்டுவந்தது என்று மலையில் சொல்கிறார்கள். விதி அவள் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டது. அதனால் என்ன, முன்னெச்சரிக்கையாக இருக்கலாம்.

தியாகதுருகம், ஷைனியின் பழைய அணி. அவள் நின்ற இடது மூலையில் இப்போது நிற்பது செந்தமிழ்ச்செல்வி. அதே சோளக்காட்டில் ஆடக் கற்றவள். ஷைனி ஆடிய காலத்தில் நாலு வருடம் மாற்று ஆட்டக்காரியாக வெளியே உட்கார்ந்திருந்தவள்.

இருபத்தெட்டாவது நிமிடம். பெரியம்மாள் பாடி வந்தாள். இடப்பக்கம் சாய்ந்தாள். செந்தமிழ்ச்செல்வி குனிந்து கணுக்காலுக்குப் பாய்ந்தாள். விரல் நுனிகூடப் படவில்லை. பாய்ந்த வேகத்தில் அவள் பின்னங்கால் எல்லைக் கோட்டை நோக்கிச் சறுக்கியது.

"கால் வெளிய போயிடுச்சு. செந்தமிழ்ச்செல்வி அவுட். கார்னர்ல நிக்கறவங்களுக்குக் கால் எங்க இருக்குன்னு முதுகுல தெரியணும். அது தெரியலன்னா அந்த எடத்துல நிக்கக்கூடாது," என்றாள் ஷைனி.

நடுவர் கையைத் தூக்கவில்லை. ஆட்டம் தொடர்ந்தது. மேஜையோரத்துச் சின்னத் திரையில் அந்தக் காட்சி மெதுவாக மறுபடி வந்தது. குதிகால் கோட்டின் மேல் இருந்தது. கோட்டைத் தாண்டவில்லை. கோடும் களத்தில் சேர்த்தி, அதற்கு வெளியே மண்ணைத் தொட்டால்தான் அவுட். குதிகாலுக்கு அப்பால் இன்னும் இரண்டு விரல்கடை வெள்ளை மிச்சமிருந்தது.

கலையரசன் மேஜைக்கடியில் உள்ளங்கையை முன்னால் தள்ளிக் காட்டினார். போ, போ, அடுத்ததுக்குப் போ.

"அடுத்த ரெய்டுக்கு..." என்றாள் ஷைனி. "அடுத்த ரெய்டுக்கு தியாகதுருகம்..."

வாக்கியம் நின்றுவிட்டது. அதை நானும் முடிக்கவில்லை. கை மேலே போயிற்று.

(உளுந்தூர்பேட்டையில் நான் பார்த்தது இதைத்தான். இனி வருவதற்கு நான் மட்டுமே பொறுப்பு.)

8

கபடியில் அவுட் ஆனவர்கள் களத்துக்குப் பின்னால் போட்டிருக்கும் பாயில், அவுட் ஆன வரிசையில் உட்கார வேண்டும். தன் அணி எதிராளி ஒருவரை அவுட் ஆக்கிப் புள்ளி எடுத்தால் முதலில் அவுட் ஆனவர் உள்ளே வரலாம். ஷைனி ஒன்பது படி இறங்கி, நீலக் கோட்டோடு வந்து தியாகதுருகத்தின் பாயில் உட்கார்ந்தாள். பாயில் வேறு யாரும் இல்லை. நடுவர் அவளைப் பார்த்தார். விதிப்புத்தகத்தில் இதற்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த நிமிடத்தில் செந்தமிழ்ச்செல்வியின் தோளைப் பெரியம்மாள் தொட்டுவிட்டுப் போனாள். நடுவர் விசிலை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் செந்தமிழ்ச்செல்வி கையைத் தூக்கிக்கொண்டு பாய்க்கு வந்துவிட்டாள்.

"இன்னாக்கா, இங்க வந்து ஒக்காந்துகினு இருக்கற?"

"அவுட்டு."

"யாரு தொட்டா உன்ன?"

"உன் காலு வெளிய போச்சுன்னு மைக்குல சொல்லிட்டேன். போவல."

"போவலதான. கோட்டு மேலதான இருந்துது. எனக்குத் தெரியுமே."

"அந்த எடத்துல நீ நிக்கக்கூடாதுன்னும் சொன்னேன்."

செந்தமிழ்ச்செல்வி தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து குடித்தாள். "எனக்கு எங்க கேட்டுது அது? உள்ள ஆடறவளுக்கு டிவியா கேக்கும்? வுடுவியா."

"கேக்கலன்னா ஆச்சா? கால நான் சரியாப் பாக்கல. நீ வெளிய வரணும்னு பாத்தேன். பாத்தது அப்படித்தான் தெரிஞ்சிது."

கொஞ்ச நேரம் இருவரும் ஆட்டத்தைப் பார்த்தார்கள்.

"உன் முட்டி போச்சே, அன்னிக்கி," என்றாள் செந்தமிழ்ச்செல்வி. "என்ன உள்ள கூப்ட்டாங்க. மொதல்ல சந்தோசந்தான் வந்துச்சு. கோட்டத் தாண்டி உள்ள போனப்பறந்தான் அழுவ வந்துச்சு. யாராண்டயும் சொன்னதில்ல. இதுக்கு எந்தக் கையத் தூக்கறது?"

ஷைனி பாட்டிலை வாங்கி மிச்சத்தைக் குடித்தாள்.

அப்போது சாம் ஓடி வந்தார். கணுக்கால் எட்டாத தூரத்தில் நின்றுகொண்டார். "கலையரசன் சார் ஒரு பாயின்ட் எடுத்துட்டாராம். உன்ன மேல வரச்சொன்னாரு."

"இன்னா பாயின்ட்டு?"

"பெரியம்மா இந்த வாட்டி ஆளத் தொடாது, போனஸ் கோட்டத் தாண்டி ஒரு புள்ளிதான் எடுக்கும்னு சொன்னாரு. அதேதான் எடுத்துச்சி. அப்ப ஒரு ஆளு உள்ள வரலாமாமே."

"போக்கா," என்றாள் செந்தமிழ்ச்செல்வி. "ஆர்டர் பிரகாரம் நீதான் மொதல்ல."

9

ஆட்டம் முடிந்து, மைதானத்துக்கு வெளியே நின்ற சேனல் வேனுக்குள் தேவிப்ரியா அவளை உட்கார வைத்தார். கையில் கைப்பேசி. அந்த எட்டு விநாடி அதற்குள் ஊரெல்லாம் சுற்ற ஆரம்பித்திருந்தது.

"நான் முதல்ல கத்தலாம்னுதான் வந்தேன், ஷைனி. நேரலையில எழுந்து போறது சாதாரண விஷயம் இல்ல. ஆனா ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. இந்தாங்க." ஒப்பந்தத்தை அவள் மடியில் வைத்தார். இரண்டு வருடம். எழுதியிருந்தபடியே, ஒரு எழுத்து மாறாமல்.

ஷைனி படித்தாள். நிதானமாக எல்லாப் பக்கங்களையும் படித்தாள்.

"ஒண்ணே ஒண்ணு," என்றார் தேவிப்ரியா. "பேப்பர்ல இருக்காது. பேப்பர்ல போட்டா நல்லா இருக்காது. ஆட்டத்துக்கு ஒரு தடவை அது மாதிரி கையத் தூக்கிட்டு எறங்கிப் போகணும். ரெண்டு நிமிஷம் பாயில ஒக்காந்துட்டு வந்துடுங்க. அதுக்குள்ள நாங்க ஒரு விளம்பரம் போட்டுக்குவோம்."

"எனக்குத் தப்பு வரலன்னா மேடம்?"

"வரும். பேசற எல்லாருக்கும் வருது."

"வராத அன்னிக்கி?"

"சின்னதா ஒண்ணு வர வச்சுக்கலாம். யாரையும் பாதிக்காம."

"அப்ப கை பொய்யா ஆயிடுமே?"

"கை எப்படிப் பொய்யாகும் ஷைனி? நீங்க நிஜமாத்தான தூக்குவீங்க." தேவிப்ரியா கெட்டவர் இல்லை. அவரும் யாருக்கோ பதில் சொல்ல வேண்டியவர். "யோசிங்க. நான் டீ சொல்லிட்டு வரேன்."

வேன் கதவு மூடிக்கொண்டது. மடியில் ஒப்பந்தம், அதன் மேல் ஒரு பேனா. ஜன்னல் வழியாக மைதானம் தெரிந்தது. ஆட்கள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

10

இதற்கு மேல் நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

அவள் கையெழுத்துப் போடுகிறாள். முதல் மாதம் நிஜமான தப்புகளே போதுமானதாக இருக்கின்றன. இரண்டாவது மாதம் அவள் தேறிவிடுகிறாள், தப்பு வரவில்லை, விளம்பரக்காரர்கள் காத்திருக்கிறார்கள். ஒரு நாள், கோட்டுக்கு உள்ளே இருக்கும் ஒரு காலை வெளியே என்கிறாள். வேண்டுமென்றே. பிறகு கையைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறாள். கூட்டம் கைதட்டுகிறது. [இதை எழுதி முடித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.]

அவள் போடவில்லை. தொழிற்சாலைக்குப் போகிறாள். சுவரைப் பார்க்கிறாள். நேர்மை காப்பாற்றப்பட்டது. [யாருக்கு? நான் வீட்டில் காற்றாட உட்கார்ந்துகொண்டு அவளைச் சுவருக்கு முன்னால் உட்கார வைக்கிறேன். இது எந்த ஊர் நியாயம்?]

கலையரசன் வேன் கதவைத் தட்டி, இருபது வருடத்தில் செய்த தப்பையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கையைத் தூக்குகிறார். அவர் கை இறங்குவதற்குள் தீபாவளி வந்துவிடுகிறது. [பிடித்திருந்தது. ஆனால் தனக்கு ஒன்றும் ஞாபகமில்லை என்று கலையரசன் மறுத்துவிட்டார்.]

கையெழுத்துப் போட்டுவிட்டு, தப்பு வராத நாளில் இறங்க மாட்டேன் என்று அவள் சொல்லிப் பார்க்கிறாள். தேவிப்ரியா — இங்கே தேவிப்ரியா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை. பத்து தடவை கேட்டுப் பார்த்தேன். அவர் டீ சொல்லவே போயிருக்கிறார்.

11

பதினோராவது பிரதியை அமிர்தத்திடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரை படித்தாள். பிறகு சொன்னாள்:

"முட்டி போன பொண்ணு அது. ஒம்பது படி ஏணி. இதுவரைக்கும் எத்தினி வாட்டி ஏறி எறங்க வச்ச?"

"கதையில ஒரு தடவைதான்."

"நீ எத்தினி வாட்டி எழுதின?"

"பதினொண்ணு."

"அப்ப பதினோரு வாட்டி," என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள்.

நான் ஒரு வாரம் எழுதவில்லை. உட்கார்ந்து யோசித்தேன். ஒவ்வொரு பிரதியிலும் ஏழாவது பகுதி வந்ததும் எனக்கு ஒரு உற்சாகம். சொல்லை மாற்றுவேன். கை எவ்வளவு உயரம் போயிற்று என்பதை மாற்றுவேன். ஒருமுறை அழவைத்தேன், ஒருமுறை சிரிக்கவைத்தேன். அந்தப் பெண் உளுந்தூர்பேட்டைத் திரையில் ஒரே ஒரு தடவை கையைத் தூக்கினாள், அதுவும் தனக்காக. அதற்குப் பிறகு தூக்கியதெல்லாம் எனக்காக. தேவிப்ரியா ஆட்டத்துக்கு ஒரு தடவை கேட்டார். நான் கேட்கவும் இல்லை.

ஆகவே அவள் கையெழுத்துப் போட்டாளா இல்லையா என்பதை நான் எழுதப்போவதில்லை. எனக்கும் தெரிந்துகொள்ளத்தான் ஆசை. உங்களைவிட ஜாஸ்தி, ஒரு வருடம் முந்திய ஆசை. ஆனால் அது அவள் மடியில் இருக்கும் காகிதம்.

நீங்கள் உங்களுக்குப் பிடித்த முடிவை வைத்துக்கொள்ளலாம். உங்களை யார் தடுப்பது. ஒன்று மட்டும்: அந்த இடம் நன்றாக இருந்ததே என்று ஏழாம் பகுதிக்குத் திரும்பிப் போனால், அவள் மறுபடியும் எழுந்து, வலிக்கிற காலோடு ஒன்பது படி இறங்க வேண்டியிருக்கும். போவதும் போகாததும் உங்கள் இஷ்டம்.

டீ வருவதற்கு இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது. கடையில் கூட்டம் என்று நான் ஏற்பாடு செய்திருக்கிறேன். வேனுக்குள் மின்விசிறி ஓடுகிறது. அவள் கோட்டைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, காலை எதிர் இருக்கையில் நீட்டிக்கொண்டிருக்கிறாள். கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும், யாரும் பார்க்காமல்.